வெட்டிய மரபணுவும் வழிமாறிய கார்பனும்

சென்ற இதழில், ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, அப்படிக் கிடைத்த வகைகளைத் தனித்தனியே சேமித்து வைத்திருக்கும் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத் தொகுப்பைப் பற்றி ஒரு பதிலில் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்து முடித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னமும் எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று ஏன் தேடிக்கொண்டிருக்கிறார்கள்? (உயிரியல் இளங்கலை மாணவி)

பதில்: படித்து முடித்தோம் என்பது எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தோம் என்ற அளவில்தான் உண்மை. ஈ.கோலை கே-12 வகையின் மரபணுத்தொகுதி 1997-இல் வெளியானபோது, ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகளுக்குள் புரதத்துக்கான மரபணுக்கள் 4,288 இருப்பதாகக் கணக்கிட்டார்கள். அவற்றில் சுமார் 38 சதவீதத்துக்கு என்ன வேலை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 2019-இல் வேறோர் ஆய்வுக் குழு மீண்டும் எண்ணிப் பார்த்தபோதும், சோதனைச் சான்றோடு வேலை நிறுவப்படாத மரபணுக்கள் சுமார் 35 சதவீதம் எஞ்சியிருந்தன. இரண்டு கணக்குகளுக்கும் அளவுகோல் ஒன்றல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதல் கணக்கில், வேறோர் உயிரியில் வேலை தெரிந்த மரபணுவின் சாயல் இருந்தாலே போதும், வேலை தெரிந்ததாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது கணக்கோ சோதனைச் சான்று கேட்டது. முகச்சாயலை வைத்து உறவு சொல்லலாம், ஆனால் அந்த ஆள் இந்த வீட்டில் என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

கெயோ தொகுப்பு 2006-இல் வெளியானது. அதில் 3,985 மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கியும் பாக்டீரியா பிழைத்திருந்தது. 303 மரபணுக்களை மட்டும் நீக்க முடியவில்லை. பிழைத்ததா, இல்லையா என்ற கேள்விக்கு அது அருமையான விடைதான். ஆனால் பிழைத்த 3,985 வகைகளைப் பற்றி அந்த விடை மேற்கொண்டு எதையும் சொல்வதில்லை. நீக்கப்பட்ட மரபணு வளர்சிதைமாற்றத்தைச் சேர்ந்ததாக இருந்தால் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே போன குளுக்கோஸின் கார்பன் இப்போது எந்த வழியாகப் போகிறது? பாய்வு அளவீடு என்பது இந்தக் கேள்விக்கு விடை காணும் முயற்சி.

கேள்வி: பாய்வு என்று எதைச் சொல்கிறீர்கள்? மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை அதன் தூது ஆர்.என்.ஏ.வை அளந்தே தெரிந்துகொள்ளலாமே? (பள்ளி ஆசிரியர்)

பதில்: ஒரு வேதிவினையின் வழியாக ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பொருள் கடந்து போகிறது என்பதுதான் பாய்வு. ஒரு கிராம் உலர் எடையுள்ள பாக்டீரியா ஒரு மணி நேரத்தில் இத்தனை மில்லிமோல் பொருளை மாற்றுகிறது என்று அதைக் குறிப்பது வழக்கம். காற்றோட்டமுள்ள குடுவையில் குளுக்கோஸை உண்டு வேகமாக வளரும் ஈ.கோலை, இந்த அலகில் ஏறக்குறைய 8 முதல் 10 வரை குளுக்கோஸை உள்ளிழுக்கிறது. ஏரியின் நீர்மட்டத்தை அளப்பதும், மதகு வழியாக ஓடும் தண்ணீரை அளப்பதும் வெவ்வேறு வேலைகள் அல்லவா? செல்லுக்குள் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பது நீர்மட்டம். பாய்வு என்பது மதகு வழியாக ஓடும் தண்ணீர். மட்டம் அசையாமல் இருக்கும்போதே மதகில் வெள்ளம் புரண்டு ஓடலாம், வரத்தும் அதே அளவு இருந்தால்.

தூது ஆர்.என்.ஏ. என்பது மரபணுவின் செய்தியைப் புரதம் கட்டும் இடத்துக்குச் சுமந்து செல்லும் நகல். அதன் அளவு, மதகைத் திறக்கச் சொல்லி வந்த ஓலையைப் போன்றது. ஓலை வந்ததாலேயே தண்ணீர் ஓடிவிடாது. தூது ஆர்.என்.ஏ. புரதமாக மாற வேண்டும், அந்த நொதிக்கு வினைப்பொருள் கிடைக்க வேண்டும், வேறு மூலக்கூறு எதுவும் நொதியைத் தடுக்காமல் இருக்க வேண்டும். கெயோ குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மரபணு நீக்கிய 24 ஈ.கோலை வகைகளின் தூது ஆர்.என்.ஏ., புரதம், வளர்சிதைப் பொருள்கள், பாய்வு ஆகியவற்றை ஒருங்கே அளந்து பார்த்தார்கள். மரபணுக்களை நீக்கியும் பெரும்பாலானவற்றில் தூது ஆர்.என்.ஏ. அளவிலும் புரத அளவிலும் வியக்கத்தக்க வகையில் குறைவான மாற்றமே தெரிந்தது. ஆகவே தூது ஆர்.என்.ஏ.வை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும் இடத்தில், கார்பன் வேறு வழியைப் பிடித்துப் போய்க்கொண்டிருக்கக்கூடும். இதற்கு ஒரு நேரடிச் சான்றைப் பின்னால் சொல்கிறோம்.

கேள்வி: கண்ணுக்கே தெரியாத செல்லுக்குள் ஓடுவதை எப்படி அளக்கிறார்கள்? கணக்கோடு விளக்க முடியுமா? (வேதியியல் முதுகலை மாணவர்)

பதில்: கணக்கோடு கேட்டதற்கு நன்றி; இந்தத் துறையின் அழகே அதில்தான் இருக்கிறது. குளுக்கோஸில் ஆறு கார்பன்கள் வரிசையாக உள்ளன. இயற்கையில் கார்பன் அணுக்களில் சுமார் 1.1 சதவீதம் மட்டுமே கார்பன்-13 என்ற சற்றே கனமான ஐசோடோப்பு. மற்றவை ஏறக்குறைய அனைத்தும் கார்பன்-12. முதல் இடத்தில் மட்டும் கார்பன்-13 வைத்துத் தயாரிக்கப்பட்ட குளுக்கோஸை பாக்டீரியாவுக்கு ஒரே உணவாகக் கொடுத்தால், அந்தக் கனமான அணு எங்கே போய்ச் சேருகிறது என்பதை வைத்து, அது வந்த வழியைக் கண்டுபிடிக்கலாம்.

குளுக்கோஸ், மூன்று கார்பன் கொண்ட பைருவேட்டாக உடைவதற்கு ஈ.கோலையில் மூன்று வழிகள் உண்டு. கிளைகாலிசிஸ் வழியில் ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டுகளாகப் பிரிகிறது; அவற்றில் ஒன்றில் மட்டும், அதுவும் அதன் மூன்றாம் கார்பனில், அடையாள அணு இருக்கும். பென்டோஸ் பாஸ்பேட் வழியில் முதல் கார்பனே கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடுவதால், அவ்வழியே வரும் பைருவேட்டில் அடையாளம் இருக்காது. என்ட்னர்-டூடராஃப் வழியில் அடையாளம் தப்பிவிடும். ஆனால் பைருவேட்டின் மூன்றாம் கார்பனில் அல்லாமல் முதல் கார்பனில் போய் உட்காரும்.

முதல் இரண்டு வழிகளை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 100 குளுக்கோஸில் 70 கிளைகாலிசிஸ் வழியாகப் போனால் 140 பைருவேட்டுகள் கிடைக்கும். அவற்றில் 70 அடையாளம் உள்ளவை. மீதி 30 பென்டோஸ் பாஸ்பேட் வழியாகப் போகின்றன. அங்கே மூன்று குளுக்கோஸுக்கு ஐந்து பைருவேட் என்பது கணக்கு, ஆகவே 50 பைருவேட்டுகள், எல்லாமே அடையாளம் அற்றவை. மொத்தம் 190-இல் 70 என்றால் சுமார் 37 சதவீதம். எல்லாமே கிளைகாலிசிஸ் வழியாகப் போயிருந்தால் 50 சதவீதம் வந்திருக்கும். ஆகவே ஆய்வாளர் அளப்பது 37 என்ற எண்ணை; அதிலிருந்து பின்னோக்கிப் போய் 70-க்கு 30 என்ற பிரிவினையைக் கண்டுபிடிக்கிறார். உண்மையில் வினைகள் இரு திசையிலும் ஓடுவதாலும், இயற்கையான 1.1 சதவீதத்தைக் கழிக்க வேண்டியிருப்பதாலும் கணக்கு இவ்வளவு எளிதாக முடிவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட அளவீடுகளை ஒரே நேரத்தில் பொருத்திப் பார்க்கும் மென்பொருள்கள் இதற்காக இருக்கின்றன.

பைருவேட்டை நேரடியாகப் பிடித்து அளப்பது கடினம். அது நொடிப்பொழுதில் வேறொன்றாக மாறிவிடும். அதனால் பைருவேட்டிலிருந்து பாக்டீரியா செய்துகொள்ளும் அலனின் என்ற அமினோ அமிலத்தைப் பார்க்கிறார்கள். வளர்ந்த செல்களைச் சேகரித்து, செறிவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நூறு டிகிரிக்குச் சற்று மேல் வெப்பத்தில் இரவு முழுவதும் வைத்தால் புரதங்கள் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். பிறகு அவற்றை ஆவியாகக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, வாயு குரோமட்டோகிராஃபி இணைந்த நிறைமானியில் செலுத்துகிறார்கள். நிறைமானி அலனினை முழுதாகவும் எடைபோடும், முதல் கார்பன் கழன்ற துண்டாகவும் எடைபோடும். முழுதில் தெரிந்த அடையாளம் துண்டில் காணாமல் போனால், அது முதல் கார்பனில் இருந்தது, ஆகவே என்ட்னர்-டூடராஃப் வழியாக வந்தது என்று புரிந்துவிடும். அமிலத்தில் வேகவைக்கும்போது டிரிப்டோஃபனும் சிஸ்டைனும் அழிந்துவிடுகின்றன, குளூட்டமினும் அஸ்பரஜினும் தத்தம் அமிலங்களாக மாறிவிடுகின்றன. இருந்தாலும் மிஞ்சியவை சொல்லும் சாட்சியம் தாராளமாகப் போதும்.

கேள்வி: இந்த ஐசோடோப்பு ஆபத்தானதா? (இல்லத்தரசி)

பதில்: இல்லை. கார்பன்-13 கதிரியக்கம் அற்றது; நம் உடலில் உள்ள கார்பனிலும் அது அதே 1.1 சதவீதம் இருக்கிறது. கதிர் வீசுவது கார்பன்-14. பாக்டீரியா கார்பன் டை ஆக்சைடைத் தன் உடலோடு சேர்த்துக்கொள்கிறது என்பதைக் கனமான கார்பனைக் கொண்டு காட்டிய ஆய்வு 1941-லேயே வந்துவிட்டது.

கேள்வி: ஒரு மரபணுவை நீக்கியும் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அது வேண்டாத மரபணு என்று முடிவு கட்டிவிடலாமா? (ஓய்வுபெற்ற பொறியாளர்)

பதில்: அந்த முடிவுக்குத்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பைருவேட் கைனேஸ் என்ற நொதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிளைகாலிசிஸின் கடைசிப் படியில் பாஸ்போஈனால்பைருவேட்டைப் பைருவேட்டாக மாற்றுவது அதுதான். ஈ.கோலையில் இதற்கு இரண்டு மரபணுக்கள் உள்ளன. இரண்டையும் நீக்கிய பிறகும் பாக்டீரியா குளுக்கோஸில் வளர்கிறது. அப்படியானால் பைருவேட் எங்கிருந்து வந்தது? பாதி விடை உணவு உண்ணும் முறையிலேயே இருக்கிறது. ஈ.கோலை குளுக்கோஸை உள்ளிழுக்கும்போதே ஒரு பாஸ்போஈனால்பைருவேட்டைச் செலவழித்து அதைப் பைருவேட்டாக்கிவிடுகிறது. மீதியைப் பாய்வு அளவீடு 2002-இல் காட்டியது. மீதிப் பாஸ்போஈனால்பைருவேட் முதலில் கார்பன் ஒன்று கூடி ஆக்சலோஅசிட்டேட்டாகி, மாலேட்டாகி, மாலிக் நொதியின் வழியாகப் பைருவேட்டுக்கு வந்து சேர்ந்தது. பெரிய சாலை அடைபட்டதும் தெருவுக்குள் புகுந்து மறுமுனையில் ஏறிக்கொள்வது போல, மாற்றம் அந்த வட்டாரத்திலேயே முடிந்துவிட்டது. வளர்ச்சியை மட்டும் பார்த்தவருக்குத் தேவையற்றதாகத் தெரிந்த மரபணு, பாய்வைப் பார்த்தவருக்குப் பெரும் சுமை தாங்கிய மரபணுவாகத் தெரிந்தது.

சூரிச்சில் உள்ள இ.டி.எச். நிறுவனத்தில் ஊவே சாவர் குழுவினர் 2005-இல் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் 137 மரபணு நீக்க வகைகளை இதே முறையில் அளந்தார்கள். பாய்வின் பிரிவினை விகிதம் பெரும்பாலானவற்றில் பிடிவாதமாக அப்படியே இருந்தது. அதைவிட வியப்பான முடிவு ஒன்றும் கிடைத்தது. இயல்பான பாக்டீரியா தன்னால் இயன்ற மிகச் சிக்கனமான நிலையில் ஓடுவதில்லை. ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள் சிலவற்றை நீக்கியபோது அது இன்னும் திறமையாக வளர்ந்தது. எதிர்பாராத நிலைமைகளுக்காகச் செலவுசெய்து தயாராக இருப்பதும் ஒரு மரபணுவின் வேலையாக இருக்கலாம் என்று அந்தக் குழு கருதியது. ஒரே ஓர் உணவில், ஒரே வெப்பநிலையில் சோதித்துவிட்டு ஒரு மரபணுவை வேண்டாதது என்பது முறையாகாது.

கேள்வி: பாய்வை அளந்ததால் ஒரு மரபணுவின் வேலை புதிதாகத் தெரியவந்த உதாரணம் உண்டா? (ஆராய்ச்சி மாணவி)

பதில்: எமக்குப் பிடித்த உதாரணம் ஈ.கோலையில் ஒரே வேலையைச் செய்வதாகப் பாடநூல்களில் எழுதப்பட்டிருந்த இரண்டு நொதிகள். செல்லுக்குள் ஹைட்ரஜனைச் சுமக்கும் என்.ஏ.டி.எச்., என்.ஏ.டி.பி.எச். என்ற இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜனை மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்ஹைட்ரஜனேஸ்கள் அவை. ஒன்று சவ்வில் பதிந்திருப்பது, மற்றது செல்லுக்குள் கரைந்திருப்பது. ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு ஆள் என்பது நெடுநாள் புதிர். 2004-இல் சாவர் குழுவினர் பாய்வுகளைக் கணக்கிட்டபோது, சவ்வில் உள்ள நொதி என்.ஏ.டி.பி.எச். உற்பத்திக்கு உழைப்பதும், செல் கட்டுமானத்துக்குத் தேவையானதில் 35 முதல் 45 சதவீதத்தை அதுவே தருவதும் தெரிந்தது. கரைந்திருக்கும் நொதி எதிர்த்திசையில், மிகுதியாகச் சேர்ந்த என்.ஏ.டி.பி.எச்.-ஐக் கரைப்பதற்காக இருக்கிறது.

அதைக் காட்டிக்கொடுத்தது வேறொரு மரபணுவை நீக்கிய வகை. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டைக் கிளைகாலிசிஸுக்குள் செலுத்தும் ஐசோமரேஸ் நொதியை நீக்கினால், கார்பன் பெரும்பாலும் பென்டோஸ் பாஸ்பேட் வழியாகப் போயாக வேண்டும். அவ்வழியில் என்.ஏ.டி.பி.எச். தேவைக்கு மேல் உற்பத்தியாகிறது. பாக்டீரியா மிக மெதுவாக வளர்கிறது. மேலே போட்ட கணக்கை இதற்கும் பொருத்திப் பாருங்கள்: அலனினில் தெரிய வேண்டிய 37 சதவீதம் பூச்சியத்தை நோக்கி இறங்கிவிடும். இந்த வகையிலிருந்து கரைந்திருக்கும் டிரான்ஸ்ஹைட்ரஜனேஸையும் நீக்கினால் குளுக்கோஸில் வளர்ச்சியே நின்றுவிடுகிறது. இயல்பான பாக்டீரியாவில் நீக்கினால் சத்தமே காட்டாத மரபணு, கார்பன் வழிமாறிய இடத்தில் உயிர் காக்கும் மரபணுவாகிவிடுகிறது.

பின்னால் சொல்வதாகக் கூறிய சான்று 2009-இல் கெயோ குழுவினரிடமிருந்து வந்தது. பென்டோஸ் பாஸ்பேட் வழியைச் சேர்ந்த டிரான்ஸ்ஆல்டலேஸ் நொதிக்கான இரண்டு மரபணுக்களையும் நீக்கிய ஈ.கோலை, கணினி மாதிரியின்படி வளரக்கூடாத உணவிலும் வளர்ந்தது. காரணத்தைத் தேடியபோது, செல்லுக்குள் தேங்கிப்போன ஏழு கார்பன் சர்க்கரை பாஸ்பேட்டைக் கிளைகாலிசிஸின் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் பிடித்து இன்னொரு பாஸ்பேட்டை ஏற்றுவதும், ஆல்டலேஸ் அதை இரண்டாக உடைப்பதும் தெரியவந்தன. பல பத்தாண்டுகளாக எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்த இரண்டு நொதிகளுக்குப் புதிய வேலை கிடைத்தது. மரபணு வெளிப்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. பொருள் தேங்கியதே வழியைத் திறந்துவிட்டது. தூது ஆர்.என்.ஏ.வை மட்டும் அளந்திருந்தால் இது அகப்பட்டிருக்காது.

கேள்வி: ஆய்வகம் எதற்கு, கணினியிலேயே கணக்கிட்டுவிடலாமே? (மென்பொருள் துறை வாசகர்)

பதில்: கணக்கிடுகிறார்கள். ஈ.கோலைக்கு 2017-இல் வெளியான மாதிரியில் 1,515 மரபணுக்களும் 2,719 வினைகளும் இடம்பெற்றுள்ளன. வரத்தும் செலவும் ஒவ்வொரு பொருளுக்கும் சமமாக இருக்க வேண்டும், பாக்டீரியா இயன்ற அளவு வேகமாக வளர முயலும் என்று வைத்துக்கொண்டால், எந்த மரபணுவை நீக்கினால் என்ன ஆகும் என்று கணினி நொடியில் சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. ஆனால் வேகமாக வளர முயலும் என்ற அனுமானம் நேற்றுத்தான் மரபணுவை இழந்த பாக்டீரியாவுக்குப் பொருந்த வேண்டியதில்லை. கிளிசராலில் மெதுவாக வளர்ந்த ஈ.கோலையைச் சுமார் 700 தலைமுறை அதே உணவில் வளரவிட்ட பிறகே அது கணினி சொன்ன வேகத்தை எட்டியது என்று 2002-இல் காட்டினார்கள். கணினியும் குடுவையும் முரண்படும் இடம்தான் ஆய்வாளருக்குப் புதையல். மேலே சொன்ன டிரான்ஸ்ஆல்டலேஸ் கதை அப்படி முரண்பட்ட இடத்திலிருந்துதான் தொடங்கியது.

கேள்வி: நானும் இந்தச் சோதனையைச் செய்கிறேன். ஒரே வகையை இரண்டு முறை அளந்தால் இரண்டு விடை வருகிறது. எங்கே தவறுகிறேன்? (ஆராய்ச்சி மாணவர்)

பதில்: உங்கள் குறிப்பில், குடுவையில் பாதிக்கு மேல் திரவம் நிரப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் சந்தேகம் அங்கேதான். செல்கள் அடர்த்தியானதும் ஆக்சிஜன் போதாமல் போகும், அசிட்டேட் கூடும், நீங்கள் அளப்பது மரபணுவின் விளைவை அல்ல, மூச்சுத்திணறலை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல், அடர்த்தி குறைவாக இருக்கும்போதே செல்களை எடுங்கள். அடுத்து, தொடக்கத்தில் விட்ட விதைச் செல்களில் இருப்பது சாதாரணக் கார்பன். அதன் பங்கு இறுதி அறுவடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போகும் வரை வளரவிட வேண்டும், இல்லையேல் கணக்கில் திருத்த வேண்டும். விதையைச் சத்து மிகுந்த ஊடகத்திலிருந்து நேராக எடுத்து விட்டிருந்தால், அந்த ஊடகத்தின் அமினோ அமிலங்களும் கூடவே வந்து சாட்சியைக் கலைத்துவிடும். இவை மூன்றும் சரியாக இருந்தும் விடை மாறினால், உங்கள் வகையில் நீக்கத்தை ஈடுகட்டும் புதிய மரபணு மாற்றம் தோன்றியிருக்கலாம். மெதுவாக வளரும் வகைகளில் இது அடிக்கடி நடக்கும். உறைநிலைச் சேமிப்பிலிருந்து புதிதாக எடுத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: எந்த வேலையும் தெரியாத மரபணு ஒன்றின் பெயரை இந்த அளவீட்டு முறை சொல்லிவிடுமா? (அதே பள்ளி ஆசிரியர்)

பதில்: சொல்லாது. மரபணுவை நீக்கியதும் எந்த இடத்தில் பாய்வு மாறியது என்பதைக் காட்டும். அந்த நொதியைத் தனியே பிரித்தெடுத்து, குழாயில் அதன் வினையைச் செய்து பார்த்த பிறகே பெயர் வைக்க முடியும். டிரான்ஸ்ஆல்டலேஸ் ஆய்விலும் கடைசிச் சான்று குழாயில்தான் கிடைத்தது. தவிர, கார்பன்-13 முறை தெளிவாகப் பார்ப்பது கார்பனின் பெரும் சாலைகளை. ஒரு வைட்டமினைச் செய்யும் சின்னஞ்சிறு பாதையில் ஓடும் பாய்வு இந்தப் பெரும் சாலைகளில் ஓடுவதோடு ஒப்பிட்டால் துளிதான். அங்கே மாற்றம் நடந்தாலும் அலனினில் தெரியாது. செல் பிரிவது, சவ்வு கட்டுவது, டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பது ஆகிய வேலைகளைச் செய்யும் மரபணுக்களையும் இந்தக் கண் நேரடியாகப் பார்ப்பதில்லை. 2016-இல் செயற்கையாகக் கட்டப்பட்ட மிகச் சிறிய மரபணுத்தொகுதி கொண்ட செல்லில் 473 மரபணுக்களே இருந்தன. அவற்றிலும் 149-க்கு வேலை தெரியவில்லை. அந்த 149-இல் சிலவற்றைப் பாய்வு அளவீடு கண்டுபிடித்துக் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு வேறு கருவி வேண்டும்.